மின்தடைக்குப் பின் மணி என்ன?
சிறு கணிப்பொறிகளில் சரியான நேரம் காத்தல்

(ஜெயமங்கலத்தில் விவசாயிகளிடையே ஆற்றிய உரை)



வராக நதித் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் நம்பி நெல், கரும்பு, வாழை, தென்னை என்று பாடுபடும் உங்களுக்கு, தண்ணீரையும் நேரத்தையும் பிரிக்க முடியாது என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த நேரம், யார் எப்போது மடையை மாற்றுவது என்பதெல்லாம் நெடுங்காலமாக நாம் கட்டிக் காத்து வரும் ஒழுங்கு. கைக்கடிகாரம் வருவதற்கு முன்பே நாழிகைக் கணக்கு இருந்தது. ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை.

இந்த ஒழுங்கைக் காக்கும் பொறுப்பு இப்போது பல தோட்டங்களில் மனிதர் கையிலிருந்து ஒரு சிறு பெட்டியின் கைக்கு மாறி வருகிறது. கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் ஸ்டார்ட்டர், சொட்டுநீர்ப் பாசனத்தில் வால்வைத் தானே திறந்து மூடும் கருவி, மண்ணின் ஈரத்தைக் குறித்து வைக்கும் கருவி ஆகிய இவை எல்லாவற்றினுள்ளும் ஒரு சிறு கணிப்பொறி இருக்கிறது. “மோட்டார் ஓட வேண்டிய நேரத்தில் ஓடவில்லை, ஓடக்கூடாத நேரத்தில் ஓடுகிறது” என்ற குறை வரும்போது மோட்டாரையும் வயரையும்தான் முதலில் சந்தேகிக்கிறோம். ஆனால் பல சமயங்களில் குற்றவாளி பெட்டிக்குள் இருக்கும் கடிகாரம்தான். அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கடிகாரம் எப்படி ஓடுகிறது?

மின்னணுக் கடிகாரத்தின் உயிர்நாடி ஒரு சிறு படிகத் துண்டு. குவார்ட்ஸ் என்பது அதன் பெயர். மின்சாரம் கொடுத்தால் இது சீராக அதிரும். பெரும்பாலான கடிகாரங்களில் உள்ள படிகம் ஒரு விநாடிக்கு 32,768 முறை அதிரும்படி செதுக்கப்பட்டிருக்கும். அதிர்வுகளை எண்ணி, 32,768 ஆனதும் ஒரு விநாடி என்று கணக்கில் சேர்ப்பதுதான் கடிகாரத்தின் வேலை.

சாதாரணப் படிகத்தில் பத்து லட்சத்திற்கு 20 பங்கு வரை பிழை இருக்கலாம். அதாவது நாளொன்றுக்கு 1.7 விநாடி, ஆண்டுக்குச் சுமார் 10 நிமிடம். வெப்பமும் இதைப் பாதிக்கும். 25 டிகிரி சென்டிகிரேடில் சரியாக ஓடும் படிகம், வெயிலில் காயும் தகரப் பெட்டிக்குள் 55 டிகிரி சூட்டில் நாளொன்றுக்கு மேலும் இரண்டரை விநாடிக்கு மேல் பின்தங்கும். ஒரு மாதத்தில் இது ஒன்றேகால் நிமிடத்தைத் தாண்டும். பாசனத்தைப் பொறுத்தவரை இது பெரிய பிழை அன்று. மாதம் ஒருமுறை திருத்திக் கொண்டால் போதும்.

பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. மின்சாரம் நின்றால் படிகத்தின் அதிர்வும் நிற்கும். எண்ணி வைத்த கணக்கும் மறந்து போகும். வீட்டுக் கணிப்பொறியிலும் மடிக்கணினியிலும் கடிகாரத்திற்கென்று தனியாக ஒரு பொத்தான் பாட்டரியோ வேறு மின்கலமோ இருப்பதால், மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் விலை மலிவான சிறு கணிப்பொறிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. இங்கிலாந்தில் 2012-ல் வெளியான ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணிப்பொறி இதற்கு நல்ல உதாரணம். விலையைக் குறைக்க வேண்டும், இணையம் இருக்கும் இடத்தில் நேரத்தைக் கேட்டுக் கொள்ளலாம் என்ற எண்ணத்தில் கடிகாரப் பாட்டரியை விட்டுவிட்டார்கள். 2023-ல் வந்த ஐந்தாவது வகையில் கடிகாரம் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதற்குரிய பாட்டரியை நாம்தான் தனியாக வாங்கி இணைக்க வேண்டும். தோட்டக் கருவிகளில் பரவலாகப் பயன்படும் இ.எஸ்.பி. 32 என்னும் சில்லும் மின்சாரம் போனால் நேரத்தை மறந்துவிடும்.

வகுப்பறையிலும் அலுவலகத்திலும் இது பொருட்டல்ல. இணையம் எட்டாத, நாளுக்கு நாலு முறை மின்சாரம் வந்து போகிற கிணற்று மேட்டில் இதுவே பெரிய தொல்லை.

மறதி மூன்று வகை

முதல் வகை, பிறந்த நாளுக்கே திரும்பிப் போகும் கடிகாரம். கணிப்பொறிகள் பலவும் 1970 ஜனவரி 1-ஆம் தேதி கிரீன்விச் நள்ளிரவைத் தொடக்கமாக வைத்தே காலத்தை எண்ணுகின்றன. அந்த நேரம் நமக்குக் காலை 5.30 மணி. எனவே இவ்வகைப் பெட்டி மின்சாரம் வந்தவுடன், “இப்போது காலை 5.30” என்று எண்ணிக் கொண்டு கண் விழிக்கும். நீங்கள் காலை 6 மணிக்கு மோட்டார் ஓட வேண்டும் என்று அமைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். மின்சாரம் பகல் 2 மணிக்கு வந்தால் 2.30-க்கு மோட்டார் ஓடும். இரவு 11 மணிக்கு வந்தால் 11.30-க்கு ஓடும். ஒரே நாளில் மூன்று முறை மின்சாரம் வந்து போனால் மூன்று முறையும் “காலை 6 மணி” வரும். மூன்று முறையும் தண்ணீர் பாயும். வாழைக்கு ஒரு பாய்ச்சலுக்குப் பதில் மூன்று பாய்ச்சல். உரநீர்ப் பாசனமாக இருந்தால் மூன்று மடங்கு உரம். கிணற்றில் தண்ணீர் குறைவாக இருந்தால் மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடிக் கருகவும் கூடும்.

இரண்டாம் வகை, தூங்கி எழுந்தவர் போன்ற கடிகாரம். சில கணிப்பொறிகள் மணிக்கு ஒருமுறை நேரத்தைத் தம் நினைவட்டையில் எழுதி வைத்துக் கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து எண்ணத் தொடங்கும். விடியற்காலை 3.17-க்கு எழுதியது, 4 மணிக்கு மின்சாரம் போயிற்று, 5.20-க்கு வந்தது. பெட்டி இப்போது 3.17 என்றே நினைக்கும். உண்மை நேரத்திற்கு 2 மணி 3 நிமிடம் பின்தங்கியிருக்கும். 6 மணியிலிருந்து 10 மணி வரை உங்கள் முறை என்றால், மோட்டார் 8.03-க்குத் தொடங்கி 12.03-க்குத்தான் நிற்கும். 10 மணிக்குத் தம் முறைக்காக மண்வெட்டியோடு வந்து நிற்கும் பங்காளி என்ன நினைப்பார்? “பெட்டி செய்த பிழை” என்றால் நம்புவாரா? அதன் பிறகும் ஒவ்வொரு மின்தடையிலும் பிழை கூடிக்கொண்டே போகும்.

மூன்றாம் வகை, ஊர் மாறிய கடிகாரம். பெட்டி கிரீன்விச் நேரத்தையே காட்டிக் கொண்டிருக்கும். நமது இந்தியத் திட்ட நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே இருக்கிறது. இதைச் சேர்க்க மறந்துவிட்டால், 6 மணிக்கு என்று அமைத்த மோட்டார் பகல் 11.30-க்கு ஓடும். பிழை எப்போதும் சரியாக ஐந்தரை மணி என்றால் காரணம் இதுதான் என்று தெரிந்து கொள்ளலாம்.

குறிப்பேட்டில் விழும் பிழை

தண்ணீர் மட்டுமன்று, கணக்கும் கெடுகிறது. மழையளவை எடுத்துக் கொள்ளுங்கள். இந்திய வானிலைத் துறை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை பெய்ததையே ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது. உங்கள் தோட்டத்து மழைமானி இரண்டு மணி பின்தங்கினால், காலை 9 மணிக்குப் பெய்த மழை முந்தைய நாள் கணக்கில் போய் விழும். மண் ஈரத்தைக் குறிக்கும் கருவியிலும் இதே கதைதான். தண்ணீர் பாய்ச்சுவதற்கு முன்பே ஈரம் கூடியதாகக் குறிப்பு சொன்னால், அந்தக் குறிப்பை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. தேதி தவறிய குறிப்பு, குறிப்பே இல்லாததைவிடக் கெடுதலானது.

நேரத்தைப் பெறும் வழிகள்

இதற்கு நான்கு வழிகள் உண்டு. ஒவ்வொன்றின் நன்மை தீமைகளைச் சொல்கிறேன்.

1. பாட்டரியுடன் கூடிய கடிகாரச் சில்லு: டி.எஸ். 3231 என்ற சில்லு கொண்ட சிறு அட்டை மலிவாகக் கிடைக்கிறது. நான்கு கம்பிகளில் இணைத்து விடலாம். இது தன் வெப்பநிலையைத் தானே அளந்து பிழையைத் திருத்திக் கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை இதன் பிழை பத்து லட்சத்திற்கு 2 பங்குக்குள் அடங்கும்; அதாவது ஆண்டுக்குச் சுமார் ஒரு நிமிடம். டி.எஸ். 1307 என்ற பழைய சில்லுக்கு இந்தத் திருத்தும் திறன் கிடையாது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்கவும். ஒரு எச்சரிக்கை: மலிவான அட்டைகள் சிலவற்றில் பாட்டரிக்கு மின்னேற்றும் சுற்று இருக்கும். அதில் மின்னேற்றக் கூடாத சி.ஆர். 2032 பாட்டரியைப் போட்டால் அது உப்பிப் போகலாம், ஒழுகலாம். அந்தச் சுற்றைத் துண்டித்த பிறகே சி.ஆர். 2032-ஐப் போடச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

2. இணையம் வழியாகக் கேட்டல்: புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு இந்தியத் திட்ட நேரத்தைக் காத்து வருகிறது, இணையம் வழியாகவும் வழங்குகிறது. நேரத்தைக் கேட்கும் முறையை அமெரிக்கரான டேவிட் மில்ஸ் 1985-ல் வகுத்துக் கொடுத்தார். முறை எளிது. கோயிலில் மணி என்ன என்று பார்த்து வர ஒரு பையனை அனுப்புகிறீர்கள். அவன் போய் வரப் பத்து நிமிடம் ஆயிற்று. “ஆறு மணி” என்று வந்து சொன்னால், திரும்பி நடந்த ஐந்து நிமிடத்தைக் கூட்டி 6.05 என்று நீங்கள் கடிகாரத்தைத் திருத்திக் கொள்வீர்கள். கணிப்பொறியும் இதையே செய்கிறது. ஆனால் சிக்னல் இல்லையென்றால் நேரமும் இல்லை.

3. செல்போன் கோபுரம்: சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர்கள் கோபுரத்திலிருந்தே நேரத்தைப் பெற முடியும். எல்லாக் கோபுரமும் நேரத்தை அனுப்பும் என்று சொல்ல முடியாது. சிம் கார்டின் கெடு முடிந்து ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் இந்த வழி அடைபட்டுப் போகும்.

4. செயற்கைக்கோள்: ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நமது நாட்டின் நாவிக் அமைப்பும் 2013-ல் முதல் செயற்கைக்கோளை ஏவித் தொடங்கப்பட்டது. சிக்னல் கோபுரமே இல்லாத மலையடிவாரத் தோட்டத்திற்கு இது மிகவும் ஏற்றது. ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும்; அடர்ந்த தோப்புக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் பயனில்லை. பழைய ஜி.பி.எஸ். கருவி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜி.பி.எஸ். வாரக் கணக்கு 1,024 வாரத்திற்கு ஒருமுறை பூஜ்யத்திற்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு திரும்பியது; அடுத்தது 2038 நவம்பரில். திருத்தப்படாத பழைய கருவி 19 ஆண்டுகளுக்கு மேல் பின்னே தேதி காட்டும்.

என் பரிந்துரை இதுதான்: முதல் வழியை அடிப்படையாக வையுங்கள். கிடைக்கும்போதெல்லாம் இரண்டு, மூன்று, நான்கில் ஒன்றைக் கொண்டு அதைத் திருத்திக் கொள்ளச் செய்யுங்கள். பாட்டரி நினைவில் வைத்துக் கொள்ளும். கோபுரமோ செயற்கைக்கோளோ பிழை திருத்தும்.

மணி தெரியாமலே செய்யக் கூடியது

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். “இப்போது மணி என்ன?” என்பது ஒரு கேள்வி. “மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது?” என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை சொல்ல மின்சாரம் இல்லாத நேரத்தையும் எண்ணியிருக்க வேண்டும். இரண்டாவதற்கு மோட்டார் ஓடும்போது எண்ணினால் போதும்; அப்போது மின்சாரம் இருக்கத்தானே செய்யும்! பாட்டரி இல்லாத பெட்டியும் இரண்டாவது கேள்விக்குச் சரியாக விடை சொல்லும்.

ஆகவே தனிக் கிணறு உள்ளவர்கள் மணியை நம்பி அமைக்காமல், நேர அளவை நம்பி அமைக்கலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்திரு. பிறகு இரண்டு மணி நேரம் ஓட்டு. இடையில் மின்சாரம் போனால் ஓடிய நிமிடத்தை எழுதி வை. வந்ததும் மீதியை மட்டும் ஓட்டு. இரண்டு மணி நிறைந்ததும் நிறுத்து. அடுத்த பாய்ச்சலுக்கு நீங்களே பொத்தானை அழுத்திக் கணக்கைத் தொடங்கி வைக்கலாம். இதற்குக் கடிகாரமே வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் பொறுப்பது, மின்சாரம் வந்தவுடன் எல்லா மோட்டாரும் ஒரே சமயத்தில் இழுக்காமல் இருக்கவும் உதவும்.

பங்குக் கிணறு உள்ளவர்களுக்கு மணி கட்டாயம் வேண்டும். அவர்கள் பெட்டியில் ஒரு விதியை எழுதச் சொல்ல வேண்டும்: “நேரம் சரிதானா என்று உறுதி இல்லையென்றால் மோட்டாரைத் தானாக ஓட்டாதே, விளக்கை எரித்துக் காட்டு, அல்லது எஸ்.எம்.எஸ். அனுப்பு.” தேதி 1970 என்றோ, கடைசியாக எழுதி வைத்த தேதிக்கு முந்தியது என்றோ இருந்தால், தன் நேரம் தவறு என்று பெட்டியே அறிந்து கொள்ள முடியும். தவறான நேரத்தில் ஓடுவதைவிட ஓடாமல் நின்று சொல்வது நல்லது. ஒரு முறை தண்ணீர் தவறினால் மறுமுறை பாய்ச்சிக் கொள்ளலாம். பங்காளிகளுக்குள் மனம் முறிந்தால் சேர்ப்பது அரிது.

வாங்கும் முன் சோதனை

கடைக்காரரிடம் கீழ்க்கண்டவற்றைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

1. பெட்டியில் நேரத்தை அமைத்து, சிம் கார்டைக் கழற்றி, மின்சாரத்தை நிறுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து மின்சாரம் கொடுத்து நேரத்தைப் பாருங்கள். சரியாக இருந்தால் உள்ளே பாட்டரிக் கடிகாரம் இருக்கிறது. பத்து நிமிடமோ அதற்கு மேலோ பின்தங்கினால், அல்லது 5.30 என்று காட்டினால், இல்லை என்று பொருள்.

2. பாட்டரி எங்கே இருக்கிறது, அதை நாமே மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பற்றவைக்கப்பட்ட பாட்டரியைவிடத் தாங்கியில் செருகியது மேல்.

3. நேரம் தெரியாதபோது பெட்டி என்ன செய்யும் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

4. 2038 ஜனவரி 19-க்குப் பிறகும் தேதி சரியாக இருக்குமா என்று கேளுங்கள். 1970-லிருந்து விநாடிகளை எண்ணிவரும் பழைய முறைக் கணக்கு அன்று நம் நேரம் காலை 8.44-க்கு நிரம்பிவிடும். ஸ்டார்ட்டர் பெட்டி பல ஆண்டு உழைக்கும் பொருள் ஆதலால் இதைக் கேட்பது வீண் அன்று.

கைப்பேசியால் இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் வழங்கி வந்திருக்கிறது. வாங்கும் முன் அத்துறை அலுவலகத்தில் தற்போதைய விவரத்தைக் கேட்டறிதல் நல்லது.

பராமரிப்பு

பெட்டியை நேர் வெயில் படாமல் வடக்குச் சுவரிலோ நிழலிலோ பொருத்தவும். வயர் நுழையும் ஓட்டைகளை அடைத்து வைத்தால் பல்லியும் எறும்பும் உள்ளே போகா. பாட்டரி போட்ட தேதியைப் பெட்டியின் உட்கதவில் எழுதி வைத்து, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடவும். மாற்றும்போது மெயினை அணைத்த பிறகே பெட்டியைத் திறக்க வேண்டும். மாற்றியபின் நேரத்தை மறுபடி அமைக்க வேண்டும். பழைய பொத்தான் பாட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி போட்டுவிடாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகும்; ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை, கைப்பேசியில் உள்ள நேரத்தோடு பெட்டியின் நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பேசியும் கையில் இல்லையென்றால் சூரியன் இருக்கிறது. இந்தியத் திட்ட நேரம் கிழக்கே எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. 1906-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னை நேரம் என்று தனியே இருந்தது. அந்த நேரத்தைக் கணித்த சென்னை வான் ஆய்வகத்தின் பணிதான் 1899-ல் இதோ நம் தலைக்கு மேலே தெரியும் கொடைக்கானல் மலைக்கு மாற்றப்பட்டது. ஜெயமங்கலம் அந்தத் தீர்க்கரேகைக்கு ஏறத்தாழ ஐந்து டிகிரி மேற்கே இருப்பதால், நமக்கு உச்சிப்பொழுது 12 மணிக்கு அன்று, சராசரியாக 12.20-க்குத்தான் வரும். நவம்பர் தொடக்கத்தில் 12.03-ஐ ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12.34-ஐ ஒட்டியும் இருக்கும். நட்டுவைத்த கம்பின் நிழல் மிகக் குட்டையாக இருக்கும்போது பெட்டி காலை 10 மணி என்று காட்டினால், அதை நம்ப வேண்டாம். நிமிடக் கணக்கில் சூரியன் உதவாவிட்டாலும் மணிக்கணக்கில் வரும் பிழையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

விவசாயப் பெருமக்களே, தானியங்கிக் கருவிகள் உங்கள் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றுகின்றன. இருட்டில் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சிக் கிணற்று மேட்டுக்குப் போகும் வேலையை மிச்சப்படுத்துகின்றன. அந்த நன்மை நிலைக்க வேண்டுமானால், பெட்டிக்கு மோட்டாரைப் போடத் தெரிந்தால் மட்டும் போதாது; மணி பார்க்கவும் தெரிய வேண்டும், தெரியாதபோது சும்மா இருக்கவும் தெரிய வேண்டும். இன்று மாலை வீடு திரும்பும் வழியில் உங்கள் பெட்டியை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பாருங்கள். மணி தவறியிருந்தால், ஒரு சிறு கடிகார அட்டையும் ஒரு பொத்தான் பாட்டரியும் தண்ணீரையும் பயிரையும் பங்காளி உறவையும் காத்துக் கொடுக்கும்.